மாடு, மான், காக்கை, நாய்: நான்கு சமாதிகளும் கொஞ்சம் கால்நடை மருத்துவ வரலாறும்

இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளம். டீ ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தான். காசு கொடுத்து வாங்கிய நாய் இல்லை. தெருவில் பிறந்து, மழைக்கு எங்கள் திண்ணையில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவன். ஒரு சித்திரை மாதம் திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தினான். பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு கண்ணு, வெயில் சூடு. மோர் ஊத்து, சரியாப் போயிடும்" என்றார். மோர் ஊற்றினோம். இரண்டாம் நாள் மூலையில் சுருண்டு படுத்தான். மூன்றாம் நாள் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது. நான்காம் நாள்தான் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

மருத்துவர் முதலில் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். காகிதம் போல வெளுத்திருந்தது. பிறகு காதுக்குள் விரலை விட்டு, பட்டாணி அளவுக்கு ஊதிய ஓர் உண்ணியை எடுத்துக் காட்டினார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்குள்ளே குட்டிக் குட்டி மோதிரங்கள். "ஏம்பா, ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும்தான் கேட்டார். அன்று ராத்திரியே மணி போய்விட்டான்.

அந்த மோதிரங்கள் என்னவென்று தேடிப் போனதில் கிடைத்த வரலாறுதான் இது. மணி போன மறு வாரம் மனசு சரியில்லாமல் ரமணாசிரமம் பக்கம் நடந்து போனேன். அங்கே உள்ளே நான்கு விலங்குகளுக்குச் சமாதி இருக்கிறது. லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஒரு காக்கை, ஜாக்கி என்ற நாய். எத்தனையோ முறை பார்த்த இடம்தான். அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது. இந்த நான்கும் வாழ்ந்த காலத்தில், அதாவது 1950க்கு முன்னால், விலங்குகளின் நோயைப் பற்றி நம் நாட்டில் என்ன தெரிந்திருந்தது? அந்த நான்கு சமாதிகளையே வரிசையாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. லட்சுமி (பசு)

லட்சுமி கன்றுக்குட்டியாக ஆசிரமத்துக்கு வந்தது 1926ல். இறந்தது 1948 ஜூன் 18. ஒரு பசுவுக்கு 22 வருடம் என்பது நல்ல ஆயுசு. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமும் இல்லை. ஏனென்றால் அப்போது மாடுகளுக்கு எமனாக இருந்தது வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்).

காய்ச்சல், வாயில் புண், பிறகு பேதி, பத்துப் பன்னிரண்டு நாளில் சாவு. ஒரு கொட்டகையில் ஒரு மாட்டுக்கு வந்தால் அநேகமாக எல்லாம் போகும். 1880களின் கடைசியில் இந்த நோய் ஆப்பிரிக்காவின் எரித்ரியா பக்கம் நுழைந்து, பத்து வருடத்துக்குள் தென்கோடி வரை போனது. போன வழியெல்லாம் பத்துக்கு எட்டு ஒன்பது மாடுகள் செத்தன. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761ல் பிரான்சின் லியோன் நகரத்துக்கு அனுமதிக்கப்பட்டதற்கே இந்த மாட்டுக் கொள்ளைநோய்தான் முக்கியக் காரணம்.

இந்தியாவில் ஆங்கில அரசு ஒரு கமிஷன் போட்டு, அதன் அறிக்கை 1871ல் வந்தது. 1889ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். நோய்க்கிருமியோடு ஊருக்குள் இருப்பது ஆபத்து என்று 1893ல் அதை இமயமலைக் காட்டுக்குள் முக்தேஸ்வர் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே 1897ல் அங்கே வந்து போயிருக்கிறார். அங்கேதான் 1920களில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு வேலை செய்தார். நோய்க்கிருமியை மாட்டிலிருந்து எடுத்து, ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் செலுத்திக்கொண்டே போனார். ஆட்டுக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வேகம் அதற்குக் குறைந்தது. அதையே தடுப்பூசியாகப் போட்டார்கள். லட்சுமி கன்றாக இருந்த அதே வருடங்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? மெட்ராஸில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் தொடங்கியது. ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கான சீரம், தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் 1932ல் வந்தது. அப்போது திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். நம்ம மாவட்டத்து நிலையம் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் :-)

இங்கே ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடுவது பழைய வழக்கம். எங்கெங்கிருந்தோ மாடுகள் வந்து ஒரே இடத்தில் நிற்கும், ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். வெக்கை நோயில் மாடு படுப்பதற்கு முன்பே, பார்க்க நன்றாக இருக்கும்போதே கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். இப்படி ஒரு சந்தை அந்த நோய்க்கு எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1954ல் நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் வந்தது. கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய புதிய தடுப்பூசி பிறகு கைகொடுத்தது. இந்தியாவில் கடைசியாக இந்த நோய் காணப்பட்டது 1995ல். 2011ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதனுக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்து, பூமியிலிருந்தே துடைக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுதான். லியோன் பள்ளிக்கு அனுமதி கிடைத்து சரியாக 250 வருடம்!

வெக்கை போய்விட்டது. ஆனால் மாட்டின் வயிறு மாறவில்லை. மாட்டுக்கு நான்கு அறை வயிறு என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்போம். அதில் முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. புல்லையும் வைக்கோலையும் மாடு நேரடியாகச் செரிப்பதில்லை, அதற்குள் இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் செரித்துக் கொடுக்கின்றன. அந்தத் தொட்டியில் திடீரென்று ஒரு குண்டான் சோறோ சர்க்கரைப் பொங்கலோ போனால் என்ன ஆகும்? மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். மாடு வயிறு உப்பி, தள்ளாடி விழும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை அதிகம் என்பார்கள். நாம் பாசத்தில் ஊட்டுவது அதற்கு விஷம்.

பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் 14 கிலோமீட்டர் பாதையையும் பாருங்கள். அன்னதானத்தில் மிஞ்சிய சோறு, அதோடு பிளாஸ்டிக் கவர். மாடு நாக்கால் சுழற்றி இழுத்து விழுங்கும் பிராணி. மேல் தாடையில் முன்பல் கிடையாது. பிரித்துப் பார்த்துச் சாப்பிட அதற்குத் தெரியாது. கவர் முதல் அறையிலேயே தங்கிவிடும். கம்பி, ஆணி விழுந்தால் இரண்டாவது அறையில் போய் உட்காரும். அந்த அறைக்கு முன்னால் ஒரு மெல்லிய சுவர் தாண்டினால் இதயம். கம்பி குத்திக் குத்தி இதயத்தையே தொட்டு இறக்கும் மாடுகள் உண்டு.

கன்று ஈன்ற மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவதற்குப் 'பால் காய்ச்சல்' என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல், உண்மையில் உடம்பு சில்லிட்டுப் போகும். பாலில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்குவதால் ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. காரணம் தெரியாத காலத்திலேயே, 1897ல், டென்மார்க்கின் ஷ்மிட் என்ற மருத்துவர் மடிக்குள் மருந்துநீரைச் செலுத்திப் பல மாடுகளைப் பிழைக்க வைத்தார். பிறகு வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று கண்டார்கள். மடி நிறைந்திருந்தால் பால் ஊறுவது குறையும், கால்சியம் ரத்தத்திலேயே தங்கும். இப்போது நரம்பில் கால்சியம் ஏற்றினால் அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

2. வள்ளி (மான்)

மானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு மானை யாரும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். வள்ளி வாழ்ந்தது அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலம்.

மானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்குதான். ஆனால் அதற்குப் பயமே ஒரு நோய். நாய் துரத்தினாலோ, மனிதர்கள் சுற்றி வளைத்துப் பிடித்தாலோ, உயிரைக் கொடுத்து ஓடுவதில் அதன் தசைகள் சிதைய ஆரம்பிக்கும். சிதைந்த தசையின் நிறமிப் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். காயமே இல்லாத மான் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ செத்துப்போவது இதனால்தான். ஆகவே மலையிலிருந்து இறங்கி வழிதவறிய மானைக் கண்டால் துரத்திப் பிடித்து 'காப்பாற்ற' வேண்டாம். நாய்களை மட்டும் விரட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

3. காக்கை

பறவையின் உடம்பு நம் உடம்பு மாதிரியே கிடையாது. நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகள் இருக்கின்றன, காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அவ்வளவு உயரத்தில் பறக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அடுப்புப் புகையும், காய்ந்து தீய்ந்த நான்ஸ்டிக் தவாவின் ஆவியும் மனிதனுக்கு இருமல் வரவழைக்கும் நேரத்தில் கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும்.

உடம்புச் சூடும் அதிகம். நமக்கு 98.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் கோழிக்கு 106, 107. இதை வைத்து லூயி பாஸ்டர் 1878ல் ஒரு சோதனை செய்து காட்டினார். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) கோழிக்கு வருவதில்லை. ஏன்? கோழியின் காலைக் குளிர்ந்த நீரில் வைத்து உடம்புச் சூட்டைக் குறைத்துவிட்டு அதே கிருமியைச் செலுத்தினார். அந்தக் கோழிக்கு நோய் வந்தது!

பறவை நோய் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கோழிக் கழிச்சல். வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்வார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், பிழைத்ததற்குக் கழுத்து திருகிப் போகும். ஒரு வாரத்தில் கொட்டகை காலி. புத்தகத்தில் இதன் பெயர் 'ராணிக்கெட் நோய்'. ராணிப்பேட்டையின் பெயர்தான் இப்படி மாறிவிட்டதோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை! 1926ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டுபிடிக்கப்பட்ட நோய் இது. 1920களின் கடைசியில் இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்ற ஊரில் காணப்பட்டது, அந்தப் பெயர் இந்தியாவில் நிலைத்துவிட்டது. அதை ஆராய்ந்தவரும் நம் எட்வர்ட்ஸ்தான். வேடிக்கை என்னவென்றால், ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசியை நமக்கு ராணிப்பேட்டையில் தயாரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாத வாக்கில் ஊர் ஊராக இலவச முகாம் நடக்கும். நான்கு கோழி வைத்திருப்பவர்கள்கூடக் கூடையில் போட்டு எடுத்துப் போகலாம்.

காக்கையும் கிளியும் புறாவும் ஒரு விஷயத்தில் ஒன்று. நோயைக் காட்டிக்கொள்ளாது. கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் பருந்துக்கு இரையாக வேண்டும் என்பதால் கடைசி வரை சரியாக இருப்பது போலவே நிற்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு முற்றிவிட்டது என்று பொருள். பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். வெறும் நெல்லும் சூரியகாந்தி விதையும் தின்று வளரும் கூண்டுப் பறவைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து, மூக்கு அடைத்து, கண் வீங்கும்.

4. ஜாக்கி (நாய்)

இப்போது மணியின் கதைக்கு வருகிறேன்.

நாய் என்றதும் நம் முன்னோருக்கு முதல் பயம் வெறிநாய்க்கடி. அது நியாயமும்கூட. கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மூளைக்கு மெல்ல ஏறும். அதற்கு வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். ஏறி முடித்து அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த மெதுவான பயணம்தான் நமக்கான அவகாசம். 1885ல் பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குக் கடிபட்ட பிறகு ஊசி போட்டுக் காப்பாற்ற முடிந்தது அதனால்தான்.

நம் பக்கம் 1902ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் இந்த நோயால் இறந்தார். அதன் பிறகு எழுந்த முயற்சியில், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் பணத்தோடு, 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று நம் அப்பா அம்மா பயமுறுத்துவார்களே, அதுதான் இது. பல உயிரைக் காப்பாற்றியது, ஆனால் மூளைத் திசு கலந்த ஊசி என்பதால் சிலருக்குப் பக்கவாதமும் தந்தது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது கையில், நான்கைந்து ஊசிதான். நாய் கடித்தால் உடனே குழாயடியில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெறிநாய்க்கடி மனிதனையும் கொல்வதால் அதற்கு நிலையம் வந்தது, சட்டம் வந்தது. நாயை மட்டும் கொல்லும் நோய்களை யார் கவனிப்பார்கள்? அதிசயமாக ஒருவர் கவனித்தார். அதுவும் நம் மெட்ராஸில்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஏறி, வேட்டை நாய்க் கூட்டத்தோடு நரி துரத்துவது ஒரு பொழுதுபோக்கு. மெட்ராஸிலும் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று ஒன்று இருந்தது. ஐ.எம்.எஸ் மருத்துவரான டபிள்யூ. எஸ். பாட்டன் என்பவர் அந்த வேட்டை நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார். சிவப்பணுக்களுக்குள் மிகச் சிறிய மோதிர வடிவ ஒட்டுண்ணி ஒன்று தெரிந்தது. அதுவரை யாரும் விவரிக்காத வகை. பிறகு அதே ஒட்டுண்ணியை நம் ஊர் நரிகளின் ரத்தத்திலும் கண்டார். 1910ல் அதைப் பற்றி எழுதினார். இன்று அதன் பெயர் 'பபீசியா கிப்சனி'. ஜப்பானிலிருந்து அமெரிக்கா வரை இன்று நாய் மருத்துவர்கள் சொல்லும் பெயர். முதலில் பார்க்கப்பட்டது நம் மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்தில்.

இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணியை மாட்டில் முதலில் கண்டவர் ருமேனியாவின் விக்டர் பாபேஷ், 1888ல். 'பபீசியா' என்ற பெயர் அவருடையது. அது எப்படிப் பரவுகிறது என்று சொன்னவர்கள் அமெரிக்காவின் ஸ்மித்தும் கில்போர்னும், 1893ல். உண்ணி கடித்துத்தான் பரவுகிறது என்று நிரூபித்தார்கள். ஒரு கணுக்காலி உயிரினம் கடித்து இப்படி ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் என்பதற்கு அதுதான் முதல் சான்று. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாவின் கொசுவைப் பிடித்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. கொசுவுக்கு முன்னால் உண்ணி!

ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைந்து பெருகி அதை உடைக்கிறது. உடம்பின் காவல் படையும் குழம்பிப்போய் நல்ல அணுக்களையும் சேர்த்து உடைக்கிறது. உடைந்த அணுக்களின் சிவப்பு சிறுநீரில் இறங்கி டிகாக்ஷன் நிறம் வருகிறது. ஈறு வெளுக்கிறது. பாட்டி சொன்ன 'சூடு' பொய் இல்லை, அது காய்ச்சல்தான். ஆனால் வெயிலால் வந்த சூடு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நாயின் சாதாரணச் சூடே 101 முதல் 102.5 டிகிரி வரை. ஆகவே நல்ல நாயைத் தொட்டாலும் நமக்குச் சுடும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயும் இல்லை. 1935ல் அல்ஜீரியாவில் கண்டுபிடிக்கப்பட்ட எர்லிக்கியா என்ற கிருமி வெள்ளையணுவைத் தாக்கும். தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இதில் செத்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இதற்கு டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை நன்றாகக் கேட்கும். பபீசியா கிப்சனி அப்படி எளிதில் போகாது. அதற்கு மருந்தே வேறு. அதனால்தான் ரத்தப் பரிசோதனை முக்கியம், கடையில் கேட்டு ஏதோ ஓர் ஊசி போடுவது போதாது.

உண்ணி என்றால் நாய் மேல் தெரிவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி வாழ்க்கையில் மூன்று முறை நாய் மேல் ஏறி, ரத்தம் குடித்து, மூன்று முறையும் கீழே விழும். விழுந்த பெண் உண்ணி சுவர் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். எங்கள் திண்ணைச் சுவரின் விரிசலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்புறம் அதைப் பற்றி நான் வீட்டில் யாரிடமும் இரண்டு நாள் பேசவில்லை. சிமெண்ட் வாங்கி வந்து அப்பாவும் நானும் அடைத்தோம்.

சமாதி இல்லாத பூனை

நான்கு சமாதிகளில் பூனை இல்லை. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பூனை இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். பூனை என்பது சின்ன நாய் இல்லை. அதன் கல்லீரலில் சில மருந்துகளை உடைக்கும் வேலை மிகக் குறைவாகவே நடக்கும். பாராசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரிக்க முடியாது, அது மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975லும், இதயம் வீங்கும் என்று 1987லும் கண்டார்கள். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் பூனை எலி பிடித்துத் தப்பிக்கிறது. எலி இல்லாத அபார்ட்மெண்ட் பூனை என்ன செய்யும்?

இன்னொரு தொடர்பும் உண்டு. 1978ல் உலகம் முழுக்க நாய்க்குட்டிகள் ரத்தப் பேதியில் சாக ஆரம்பித்தன. பார்வோ என்ற புதிய வைரஸ். பூனை வகை விலங்குகளுக்கு வரும் பழைய வைரஸ் ஒன்று கொஞ்சம் மாறி நாய்க்குத் தாவியிருந்தது. வெக்கை நோயும், நாய்க்கு வரும் டிஸ்டெம்பரும், நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும்கூட ஒரே குடும்பத்து வைரஸ்கள்தான். நாம்தான் மாடு வேறு, நாய் வேறு, மனிதன் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒரு கணக்கு உறுத்தியது. 1910ல் மெட்ராஸில் ஒருவர் அந்த மோதிரங்களைப் பார்த்துவிட்டார். மெட்ராஸிலிருந்து திருவண்ணாமலை 200 கிலோமீட்டருக்குள்தான். அந்தச் செய்தி எங்கள் திண்ணைக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் மணி செத்த பிறகு. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவன். பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியைப் பத்து மார்க்குக்கு வரைந்தவன். என் காலடியில் படுத்திருந்தவன் ரத்தத்தில் அதே மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியவில்லை.

மணியைக் கொல்லையில் வேப்பமரத்தடியில் புதைத்தோம். கல் எதுவும் வைக்கவில்லை.

இப்போது திண்ணையில் ஒரு குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் இன்னும் வைக்கவில்லை. பாட்டி தினமும் சாயந்திரம் அதை மடியில் போட்டுக்கொண்டு, காதை மடக்கி உண்ணி பார்க்கிறார். அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து, "சிவப்பாத்தான் கண்ணு இருக்கு" என்று என்னிடம் சொல்கிறார். நீங்களும் இன்றைக்கு உங்கள் வீட்டு நாயின் ஈறு நன்றாக இருக்கும்போது என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்தால் அப்போதுதான் தெரியும்.

உங்கள் ஊரில் இந்த நோய்களுக்கு வேறு பெயர்கள் இருந்தால் எழுதுங்கள். வெக்கை, கோமாரி, அடைப்பான், சப்பை நோய், கழிச்சல் இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்குத் தனியாக ஒரு பழைய தமிழ்ப் பெயர் யாருக்காவது தெரியுமா?